காலிக் கிண்ணத்தின் சத்தம்

"அம்மா, என் மனசு ஏன் அடங்க மாட்டேங்குது?"

அரியமுத்து இதைக் கேட்டபோது அம்மா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொர்ணம். இந்த ஆற்றங்கரை மடத்தில் பதினாறு வருஷமாகச் சோறு வடிக்கிறவள். ஞானம் கீனம் எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சொல்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும். அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அம்மா என்றால் எங்கள் மடத்துத் தலைவி. வயசு நாற்பத்தைந்துதான். அரியமுத்துவுக்கு அறுபத்திரண்டு. தீயணைப்பு நிலையத்தில் முப்பத்தினாலு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு மாசமே பெட்டியோடு இங்கே வந்து சேர்ந்தார். மூன்று வருஷமாகிறது. அம்மா அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அவர் அம்மாவின் எதிரில் தரையில்தான் உட்காருவார்.

"மூணு வருஷமா உட்காருறேம்மா. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கண்ணை மூடுறேன். மூடின உடனே..."

நிறுத்திவிட்டார்.

"மூடின உடனே?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

அம்மா ஒரு கீரைத்தண்டை ஒடித்துப் போட்டார். "தோட்டத்து இலுப்பை மரத்துல பூனை ரெண்டு நாளா நிக்குது. இறக்கிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

"நான் கேட்டது மனசைப் பத்திம்மா."

"நான் சொன்னது பூனையைப் பத்தி. போங்க."

அந்தப் பூனையின் கதையை நான்தான் சொல்ல வேண்டும். குற்றவாளியே நான்தான்.

சாம்பல் நிறப் பூனை. அதனால் சாம்பலி என்று பேர். நான் வைத்த பேர்தான். மத்தியானம் பந்தி முடிந்ததும் ஒரு கிண்ணத்தில் பால்சோறு பிசைந்து வைத்து, கரண்டியால் கிண்ணத்தை இரண்டு தட்டுத் தட்டுவேன். எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்துவிடும். ஆறு வருஷப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை அபிஷேகத்துக்கு எடுத்து வைத்த பால் செம்பில் அது வாயை வைத்துவிட்டது. நான் பேசாமல் வேறு பால் வாங்கி வைத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? நேரே மேனேஜர் கனகசபையிடம் போய், "இந்தச் சனியன் பண்ணின வேலையைப் பார்த்தீங்களா?" என்று கத்திவிட்டேன். ஏதோ ஒரு எரிச்சலில் சொன்னது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

கனகசபை கெட்டவர் இல்லை. ஒழுங்கு என்றால் அவருக்குப் பைத்தியம். வாசலில் கிடக்கிற செருப்பைக்கூடக் குனிந்து வரிசையாக வைப்பார். "வியாழக்கிழமை குருபூஜை. நூறு பேர் வருவாங்க. அதுக்குள்ள சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விட்டுடுவோம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் வேண்டாத பூனைக்கு அதுதான் வழக்கம். கோணிச்சாக்கில் போட்டு வாயைக் கட்டுவார்கள். வழி மறக்கட்டும் என்று மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். அப்புறம் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவார்கள். அடிக்கவில்லை, கொல்லவில்லை, அதனால் பாவமும் இல்லை என்று திரும்பி வந்து கால் கழுவிக்கொள்வார்கள். அந்தாண்ட போன பூனை என்ன ஆயிற்று என்று ஒருத்தரும் போய்ப் பார்த்தது கிடையாது.

சாம்பலியின் பாதி உடம்பு சாக்குக்குள் போய்விட்டது. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திடீரென்று ஒரு சீறல். மேனேஜரின் புறங்கையில் நாலு கோடு. ஒரே பாய்ச்சலில் இலுப்பை மரத்தில் ஏறி உச்சிக் கவட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் இறங்கவில்லை.

குருபூஜைக்கு வந்த ஜனங்கள் அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினார்கள்.

"ஐயோ பாவம், மாட்டிக்கிச்சே!"

"ஏறத் தெரிஞ்சிருக்கு. இறங்கத் தெரியலை பாரு."

ஒரு அம்மாள் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். ஒருத்தர் போனில் படம் எடுத்தார். சாக்கு விஷயம் அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். அரியமுத்துவுக்கும் நன்றாகத் தெரியும்.

அவர் விறகுக் கொட்டகைக்கு ஏணி எடுக்கப் போனார். நானும் ஒரு கை பிடிக்கப் போனேன். மூங்கில் ஏணியை இழுக்கும்போது, சுவரில் சாய்த்து வைத்திருந்த கடப்பாரை சரிந்து என் காலில் விழப் பார்த்தது. அவர் ஒரு கையால் தடுத்துப் பிடித்து, திரும்பவும் மூலையில் நிறுத்தினார்.

"சொர்ணம், பூனைக்கு வைக்கிற கிண்ணத்தையும் கரண்டியையும் கொடு."

"இருங்கண்ணே, கொஞ்சம் பால்சோறு பிசைஞ்சு தர்றேன். ரெண்டு நாளாப் பட்டினி."

"சோறெல்லாம் வேண்டாம். ஏணியில சிந்தும். சத்தம் போதும்."

கிண்ணத்தைக் கொடுத்தேன். நானும் யோசிக்கவில்லை.

மேனேஜர் மரத்தடியில் நின்றிருந்தார். கையில் கட்டுப் போட்டிருந்தார். "நீங்க ஏறுங்கண்ணே. நான் இதோ வந்துடுறேன்" என்று கொட்டகைப் பக்கம் நழுவினார். ஜனங்கள் பஜனை கேட்க மண்டபத்துக்குள் போயிருந்தார்கள். அம்மா கீரை முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மர நிழலில் உட்கார்ந்தார்.

அரியமுத்து ஏணியைச் சாய்த்து அழுத்திப் பார்த்தார். ஒரு படியில் கால் வைத்தார்.

"கிண்ணத்துல என்னண்ணே இருக்கு?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் கிண்ணம். தட்டினா வரும்."

"வந்தா?"

"பிடறியைப் பிடிச்சுடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மேனேஜர் பாடு. கீழ இறக்குறது வரைக்கும்தானே நம்ம டியூட்டி?"

"நல்ல வித்தையா இருக்கே. எங்க கத்துக்கிட்டீங்க?"

"சர்வீஸ்லதாம்மா."

"பூனையை வச்சா?"

அரியமுத்து ஏணியிலிருந்து காலை எடுத்துவிட்டார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா திரும்பக் கேட்கவில்லை. கீரைதான் முறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு பொம்பளை" என்றார் கடைசியில். "வேலுத்தாயின்னு பேரு. பதினொரு வருஷமாச்சு. ஊர்த் தண்ணித் தொட்டி மேல ஏறிட்டா."

"எதுக்கு?"

"அவங்க தெரு வழியை மறிச்சு ஒருத்தன் செவரு எழுப்பிட்டான். செவருக்கு அந்தாண்ட ரோடு. இந்தாண்ட இவங்க. பிள்ளைங்க வாய்க்கால்ல இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகணும். பிணத்தையும் வாய்க்கால் வழியாத்தான் தூக்கணும். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போயி ஏறிட்டா. செவரை இடிச்சாத்தான் இறங்குவேன்னா."

"நீங்க ஏறினீங்க."

"ஏறினேன். என்னை விட்டா அந்த வட்டாரத்துல ஆளே கிடையாதும்மா. நான் பேசினா யாரும் இறங்கிடுவாங்க. அதிகாரி வந்திருக்காரு, செவரை நாளைக்கே இடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டாருன்னேன். இந்தா பாரு தாயி காகிதம்னு காட்டினேன்."

"காகிதத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

அரியமுத்து கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லம்மா. வெறுங்காகிதம். அவளுக்குப் படிக்கத் தெரியாது."

அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அவ என் மூஞ்சியைப் பார்த்தா. 'அண்ணே, காகிதம் எனக்கு வேண்டாம். நீ சொல்றதால இறங்குறேன்'னா. என் கையைப் பிடிச்சுத்தான் இறங்கினா. தொட்டிக்குப் பின்னால போலீஸ் வேனை நிறுத்தி வச்சிருந்தாங்க. ஏத்திட்டுப் போயிட்டாங்க. பதினஞ்சு நாள் உள்ள வச்சாங்க."

"செவரு?"

"இன்னும் நிக்குதாம். பஸ்ல வர்றவங்க சொல்றாங்க. நான் அந்தப் பக்கம் போனதில்ல. எனக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தாங்க. மேடையில ஏறி வாங்கிக்கிட்டேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பொம்பளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு உயரம் ஏறியிருக்கிறாள். இந்த மனுஷன் வெறுங்காகிதத்தைக் காட்டி இறக்கியிருக்கிறார். இதற்கு ஒரு பத்திரம் வேறு! அண்ணன் என்றும் பார்க்காமல் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மேலேயிருந்து சாம்பலி மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. அதைச் சாக்கில் திணித்தபோது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவள்தானே நான்?

"சரி" என்றார் அம்மா. "பூனை காத்துக்கிட்டிருக்கு. ஏறுங்க."

அவ்வளவுதான் சொன்னார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை.

அரியமுத்து ஏறினார். அறுபத்திரண்டு வயசு மனுஷன் ஏறுகிற மாதிரியா இருந்தது? ஒரு படி ஆடவில்லை. ஏணியின் நுனிக்குப் போனதும் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைக் கிளையில் பொருத்தி இரண்டு தட்டுத் தட்டினார்.

டங். டங்.

சாம்பலி காதைத் திருப்பியது. எழுந்து நின்றது. அடுத்த கிளைக்கு இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைத்தான் பார்த்தது. ஆறு வருஷமாக அந்தச் சத்தம் அதற்குப் பொய் சொன்னதே இல்லை. இன்னும் ஒரு கிளை இறங்கியது. கை நீட்டினால் பிடித்துவிடலாம்.

அவர் கையை நீட்டவில்லை.

கீழே குனிந்து பார்த்தார். மேனேஜர் கொட்டகையிலிருந்து திரும்பி வந்து மரத்தடியில் நின்றிருந்தார். எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே நின்றவருக்குத் தெரிந்தது.

"மேனேஜர், கையில என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே!"

"மதிலுக்கு வெளிய ஒருத்தன் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கானே, அவன் யாரு?"

மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. "அதான் எல்லாம் தெரியுதுல்ல? அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க? புடிச்சுக் கொடுங்க. சாதத்துக்கு நேரமாச்சு."

அரியமுத்து கிண்ணத்தை விட்டெறிந்தார். அது மேனேஜரின் காலடியில் வந்து விழுந்து உருண்டது. கிளையில் ஒரு காலைப் போட்டார். மறு காலையும் போட்டார். சாம்பலிக்குப் பக்கத்தில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்புறம் காலை நீட்டி ஏணியை ஒரு உதை விட்டார். ஏணி தடாலென்று செம்பருத்திச் செடிமேல் விழுந்தது.

"நானும் இறங்கப் போறதில்ல!" என்று கத்தினார்.

சத்தம் கேட்டு மண்டபத்திலிருந்து ஜனங்கள் ஓடி வந்தார்கள்.

"என்னாச்சு? பெரியவரும் மாட்டிக்கிட்டாரா?"

"யாரும் மாட்டிக்கலை!" மேலேயிருந்து பதில் வந்தது. "இதுவும் மாட்டிக்கலை, நானும் மாட்டிக்கலை. நாங்க ஏறியிருக்கோம்!"

"தீயணைப்பு ஆபீசுக்குப் போன் போடுங்கப்பா" என்றார் ஒருத்தர்.

"தாராளமாப் போடுங்க! நான் பழக்கின ஆளுங்கதான் வருவாங்க. அவங்க வாயில என்ன வரும்னு எனக்கு மனப்பாடம்."

போனை எடுத்தவர் திரும்பப் பையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. சாக்கை இப்போது எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"அண்ணே, இறங்கி வாங்கண்ணே. எதுவா இருந்தாலும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கலாம்."

அரியமுத்து சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை மூன்று வருஷத்தில் நான் கேட்டதில்லை. "யோவ், இந்த வசனத்தை முப்பத்தினாலு வருஷம் பேசினவன் நான். என்கிட்டயே பேசுறியா?"

"சரி, நான் வாக்கு கொடுக்குறேன். பூனையை ஒண்ணும் செய்யமாட்டேன். போதுமா?"

"வாக்கு நானும் கொடுத்திருக்கேன். வாக்கு வேண்டாம். சாக்கைக் கொளுத்து."

"என்னது?"

"சாக்கைக் கொளுத்து. இங்கேயே, என் கண்ணு முன்னாலேயே. வேற எதைச் சொன்னாலும் என் காதுல விழாது."

"குருபூஜை அன்னிக்கு மடத்துல சாக்கைக் கொளுத்துறதா? ஜனங்க என்ன நினைப்பாங்க? இது மடத்துச் சொத்துண்ணே. நல்ல சாக்கு."

"அப்ப நான் இங்கேயே இருக்கேன். காத்து நல்லா வருது."

காற்றாவது ஒன்றாவது! அந்த மரத்தில் முசுறு எறும்பு. கழுத்தில் ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. தட்டித் தட்டிவிட்டுக்கொண்டே பேசினார் மனுஷன். சாம்பலி அவரை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, காலை மடக்கிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

மேனேஜர் அம்மாவிடம் ஓடி வந்தார்.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடுவாரு. சொல்லுங்கம்மா."

"என்ன சொல்லட்டும்?"

"ஏதாவது சொல்லுங்க. அவர் இறங்கினாப் போதும்."

"அதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு கனகசபை? அவரே நல்லாச் சொல்லுவாரே" என்றார் அம்மா.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. மேலே இருந்தவருக்குப் புரிந்தது. எறும்பைத் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அம்மாவிடம் நடக்கவில்லை என்றதும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சொர்ணம், இங்க என்ன வேடிக்கை? போய்ப் பந்தியைப் போடு. சாப்பாடு போட்டா ஜனங்க கலைஞ்சிடுவாங்க."

பதினாறு வருஷமாக அவர் போடு என்றால் போட்டிருக்கிறேன். எடு என்றால் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"போட மாட்டேன்" என்றேன்.

"என்ன சொன்னே?"

"போட மாட்டேன்னு சொன்னேன். பாலைப் பத்தி உங்ககிட்ட வந்து கத்தினது நான். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் எனக்கு சோறு இறங்கலை. இப்பவும் நான்தான் சொல்றேன். அந்தச் சாக்கு எரியாம என் அடுப்புல இருந்து சாம்பார் இறங்காது."

"நூறு பேர் பசியோட நிக்கிறாங்க."

"நிக்கட்டும். பூனை ரெண்டு நாளா நிக்குது."

முன்னால் நின்றிருந்த ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். வேண்டிக்கொண்டிருந்த அம்மாள் கண்ணைத் திறந்து, "ஒரு சாக்குதானே சாமி, கொடுத்துடுங்களேன்" என்றார். படம் எடுத்தவர் போனை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

மேனேஜர் சாக்கைப் பார்த்தார். தன் கைக்கட்டைப் பார்த்தார். மேலே பார்த்தார். அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. கடைசி வரைக்கும் அது போகவில்லை. "எடுத்துத் தொலை" என்று சாக்கை என்மேல் வீசினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. விறுவிறுவென்று மதில் பக்கம் போய், "வேலை இல்லப்பா, நீ கிளம்பு" என்று மோட்டார் சைக்கிள்காரனை அவரே அனுப்பிவைத்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை உருவிக்கொண்டு வந்தேன். மரத்துக்குத் தள்ளி, வெட்டவெளியில் சாக்கைப் போட்டுக் கொளுத்தினேன். கோணி எரிந்த புகையில் கண் எரிந்தது. முழுசும் கருகுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அரியமுத்துவும் மேலேயிருந்து முழுசும் பார்த்தார்.

அப்புறம்தான் பந்தி போட்டேன். ஜனங்கள் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். பரிமாற ஆள் விட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தேன். மரத்தடியில் அம்மா மட்டும் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். அரியமுத்து மேலேயே இருந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நானும் கிண்ணத்தைத் தட்டவில்லை.

சாம்பலி எழுந்தது. உடம்பை முறித்தது. கீழே பார்த்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மதில் பக்கம் எல்லாம் பார்த்தது. பிறகு திரும்பி, பின்பக்கத்தைக் கீழே வைத்து, நகத்தைப் பட்டையில் ஊன்றி ஊன்றி இறங்கத் தொடங்கியது. அரியமுத்துவின் முழங்காலை மிதித்துக்கொண்டுதான் போனது. ஆள் உயரம் வந்ததும் ஒரு குதி. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சமையலறைக்குள் போய்விட்டது.

இறங்கத் தெரியாத பூனையாம்! எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் போய்ப் பால்சோறு பிசைந்து, கிண்ணம் நிறைய வைத்தேன். சாம்பலி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் திரும்பி வந்தபோது அம்மா ஏணியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமாகத் தூக்கிச் சாய்த்தோம். அரியமுத்து இறங்கி வந்தார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. கழுத்தெல்லாம் எறும்புக்கடித் தடிப்பு. அம்மாவின் எதிரில் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்தார்.

"பூனையை நான் இறக்கலைம்மா. அதுவா இறங்கிடுச்சு."

"பார்த்தேன்."

"என் கேள்விக்குப் பதில் சொல்றேன்னீங்க."

"கண்ணை மூடின உடனேன்னு சொல்லிட்டுப் பாதியில விட்டுட்டீங்க. அதை முடிங்க முதல்ல."

அவர் தரையைப் பார்த்தார். தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை.

"தொட்டி தெரியும்மா. அவ மேல நிப்பா. சேலைத் தலைப்பு காத்துல படபடன்னு அடிக்கும். என்னையே பார்த்துக்கிட்டு நிப்பா."

"இறங்குவாளா?"

"இல்லம்மா. அன்னிக்கு என் கையைப் பிடிச்சு இறங்கினா. கண்ணை மூடினா மட்டும் ஒருநாளும் இறங்கினதில்ல."

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். ஆய்ந்த கீரை எப்போதோ சமையலறைக்குப் போய்விட்டது. வெறும் முறத்தைத்தான் இவ்வளவு நேரம் மடியில் வைத்திருந்திருக்கிறார்.

மண்டபத்தில் இரண்டாம் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. அரியமுத்து எழுந்தார். கிழிந்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். சாயங்காலம் உட்காருகிற மண்டப மூலைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அங்கே போகவில்லை.

"மூணரை மணி பஸ் அந்த ஊர் வழியாத்தான் போகும்" என்றார்.

அம்மா தலையாட்டினார்.

"போகணும்னு தெரியுதும்மா. ஆனா பதினொரு வருஷம் கழிச்சு எந்த மூஞ்சியோட அவ முன்னால போய் நிப்பேன்? நின்னு அவகிட்ட என்னத்தைச் சொல்லுவேன்?"

"சொல்றதையெல்லாம் நீங்க அன்னிக்கே சொல்லிட்டீங்களேண்ணே" என்றார் அம்மா. "கடப்பாரை விறகுக் கொட்டகையில இருக்கு."